ஐந்து மணிக்குமேல் பெயரற்ற இடம்

என் தந்தையார் தமிழாசிரியர். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பள்ளியின் விளையாட்டிடம் இருந்தது. அதை நான் ‘கிரவுண்டு’ என்று சொல்லிவிட்டால் அன்று மாலை விளையாடப் போக முடியாது. திடல் என்று சொல்ல வேண்டும். ஆடுகளம் என்றாலும் ஏற்றுக்கொள்வார். மைதானம் என்றால் முகத்தைச் சற்றே சுளித்து, “அதுவும் நம் சொல் அன்று” என்பார்; ஆனாலும் போகவிடுவார். ஒரே மண்தரைக்கு இத்தனை பெயர்கள் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. விளையாட்டுக் கிடைத்தால் போதுமென்று அவர் விரும்பியபடியே சொல்லிவந்தேன்.

நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் என்னை வால்பாறைக்கு அனுப்பினார்கள். அம்மா பிறந்த இடம் அது. மாமா அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அத்தை கொழுந்து பறித்தார். அவர்களுக்கு என் வயதில் ஒரு மகனும், பேச்சுத் தெளியாத ஒரு சிறு மகளும் இருந்தார்கள். ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் ஒன்று அவர்களுடையது.

அந்த வரிசைக்கு எதிரே, மலையில் அரிதாக வாய்த்த சமதரை ஒன்று இருந்தது. காலையில் தொழிலாளர்களை அங்கே நிறுத்தி, யார் எந்தத் தேயிலைக் காட்டுக்குப் போவதென்று பிரித்துவிடுவார்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பெரட்டு என்று பெயர். ஆகவே பெரியவர்களுக்கு அது பெரட்டுக் களம். பிற்பகலில் ஓரத்துக் கொட்டகையில் கொழுந்தை எடைபோடும்போது அதுவே நிறுக்கிற இடம். எடைபோட்டு வண்டி போனபின் பிள்ளைகளுக்குக் கிரவுண்டு. நான் பழக்கத்தால் திடல் என்று சொல்லிவிட, மாமா மகன் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

“ஏனுங்க வாத்தியாரு ஊட்டுப் புள்ள, திடலுக்கு எழுந்தருளலாமுங்களா? பந்து காத்துட்டிருக்குதுங்க!”

மற்றப் பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள்.

ஐந்து மணியானால் ஏதாவதொரு வாசலில் எவர்சில்வர் தட்டை அடிப்பார்கள். அந்த ஓசை கேட்டதும் மட்டை பிடித்தவன் மட்டையோடும், பந்து வீச ஓடிவந்தவன் அந்த ஓட்டத்தோடும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன்பின் அவர்கள் அந்த இடத்தைக் கிரவுண்டு என்று சொல்வதில்லை. பெரியவர்களும் பெரட்டுக் களம் என்பதில்லை. கையால் காட்டமாட்டார்கள்; முகவாயை மட்டும் அந்தப் பக்கம் அசைத்து ‘அங்க’ என்பார்கள். நான் ஒருமுறை இருட்டிய பிறகு, திடலில் செருப்பை விட்டுவிட்டேன் என்றபோது அத்தை என் வாயைப் பொத்தினார்.

“பொழுது போன பொறவு பேரச் சொல்லாத கண்ணு. காலையில எடுத்துக்கலாம்.”

பேய்க்குப் பயப்படுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். நகரத்துப் பிள்ளைக்கு அதில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது.

ஒரு நாள் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. தட்டோசையும் முன்னதாகவே எழுந்தது. எல்லாரும் ஓடிவந்தோம். அத்தை கதவைச் சாத்தப்போனவர் கையை எடுத்துவிட்டு, “பாப்பா எங்கடா?” என்றார். தங்கை அம்மாவோடு இருக்கிறாள் என்று மாமா மகன் நினைத்திருந்தான். எங்களோடு விளையாடுகிறாள் என்று அத்தை நினைத்திருந்தார். மாமா தொழிற்சாலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

அத்தை அலறவில்லை. தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். அடித்த விதம் வேறாக இருந்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு கேள்வியும் கேளாமல் தத்தம் தட்டுகளோடு வந்து அவரோடு தோளொட்டி நின்றார்கள். நானும் மாமா மகனும் வாசற்படியில் நின்றோம். அவன் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன.

பனி சற்று விலகியது. விக்கெட்டுக்காக நாங்கள் அடுக்கிவைத்திருந்த கற்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறுத்தை படுத்திருந்தது.

வீட்டுப் பூனை அடுப்படியில் படுப்பதைப்போல முன்கால்களை நீட்டி, வால்நுனியை மட்டும் அசைத்துக்கொண்டு படுத்திருந்தது. அதன் பார்வை எங்கள் பக்கம் இல்லை. எடைபோடும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டகையில் குவித்திருந்த சாக்குகளின்மேல் மஞ்சள் கவுன் தெரிந்தது. குழந்தை உறங்கிக்கொண்டிருந்தாள். கத்த வாய் திறந்தேன்; காற்றுத்தான் வந்தது.

பெண்கள் ஓடவில்லை. தட்டுகளை அடித்துக்கொண்டு ஓரடி ஓரடியாக முன்னே நகர்ந்தார்கள். அத்தை பேசினார். பேருந்து நடத்துநரிடமும் கடைக்காரரிடமும் பேசும் அதே பணிவான குரல்.

“எந்திரிச்சுப் போயிருங்க சாமி. கொழந்தைங்க அது. ஒண்ணுந் தெரியாதுங்க. போயிருங்க.”

சிறுத்தை தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்தது. பிறகு எழுந்து, உடம்பை நெளித்து, அவசரமே இல்லாமல் நடந்து, களத்தின் கீழ்விளிம்பில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருந்த வழியில் இறங்கி மறைந்தது.

அத்தை கொட்டகைக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிவந்தார். தூக்கம் கெட்டதென்று அவள் சிணுங்கினாள். வீட்டுக்குள் வந்து தாழிட்டதும் அத்தை, தம் மகன் முதுகில் ஓர் அறை வைத்தார். உடனே அவனையும் சேர்த்து அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் தந்த தேநீரை அவரால் பிடிக்க முடியவில்லை. அந்தப் பெண்ணே குடிக்க வைத்தார்.

மறுநாள் காலையில் பெரட்டு நடந்தது. சிறுத்தை படுத்திருந்த தரைமீதே எல்லாரும் வரிசையாக நின்றார்கள். மேற்பார்வையாளர் சிறுத்தையைப் பற்றி ஏதோ கேட்டார். பெண்கள் ஏதோ சொன்னார்கள். அவர் தலையசைத்துவிட்டுக் காடு பிரித்தார். அத்தையின் குழுவுக்குக் களத்தை ஒட்டிய கீழ்க்காடு வந்தது. செடியின் ஈரம் படாதிருக்க அத்தை தார்ப்பாயை இடுப்பில் சுற்றி இறுக்கினார். முந்தைய மாலை சிறுத்தை இறங்கிய அதே வழியில், மற்றப் பெண்களோடு இறங்கிப் போனார்.

நேற்று வராத அலறல் எனக்கு அப்போது வந்தது.

“மாமா! அத்தை அங்க போறாங்க!”

மாமா பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வேலைக்குப் போவோணுமில்ல கண்ணு” என்றார்.

வாசற்படியைவிட்டு நகராமல் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பளவுச் செடிகளில் குனிந்த பெண்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பேச்சு எழுந்தது. ஒருத்தி மற்றவளின் மாமியாரைப் பழித்துக் கூவினாள், இன்னொருத்தி கெக்கலித்தாள், அத்தை, வீட்டில் நான் ஒருநாளும் கேட்டிராத உரத்த குரலில், யாரையோ கேலி பேசினார். பேச்சு ஓயும்போதெல்லாம் எவராவது ஒருத்தி உடனே எடுத்துக்கொடுத்தாள். ஒரே இரவில் எல்லாவற்றையும் மறந்துவிட்டுச் சிரிக்கிறார்களே என்று எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அத்தைமீது கோபங்கூட வந்தது. ஊர் திரும்பியதும் என் அத்தைக்குப் பயமே கிடையாதென்று வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். அன்று பகல் முழுவதும், கையில் தட்டில்லாத அந்தப் பெண்கள் ஏன் ஒரு நொடிகூடப் பேச்சை நிறுத்தவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.