கேக் பெட்டிக்கும் சோதனை உண்டு

சீசா என்ற பகுதியில் நான் வாசல்காரனாக வேலை செய்யும் கட்டடத்துக்கு இன்று ஒரு விருந்தாளி வந்தார். கையில் ரிப்பன் கட்டிய கேக் பெட்டி.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன மாதம் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் என் முகத்தைச் சுவரோடு அழுத்தி, கையை முறுக்கி, சாப்பாட்டுப் பையை நிலத்தில் கொட்டிய பொலிஸ்காரர். என் இடியப்பத்தைச் சப்பாத்தால் கிளறிவிட்டு, "எங்கடை பாதுகாப்புக்குத்தான். இதுதான் நடைமுறை" என்றவர். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி அட்டையைக் கேட்டதே அதற்குப் பிறகுதான்.

இன்று சீருடை இல்லை. ஆறாம் மாடியில் காதலி வீட்டில் விருந்தாம்.

"பெட்டியைக் கீழை வையுங்கோ, சினோரே. அடையாள அட்டையைக் காட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"எங்கடை பாதுகாப்புக்குத்தான். இதுதான் நடைமுறை."

ரிப்பனை அவிழ்த்துக் கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அட்டையை இரண்டு பக்கமும் ஆறுதலாக வாசித்தேன். லிஃப்ட் பழுது என்றும் சொன்னேன்.

படியில் கால் வைத்தவர் திரும்பினார். "உம்மை எங்கையோ பாத்திருக்கிறன்."

"இல்லை, சினோரே. நீங்கள் பாத்தது என்ரை முதுகை."

லிஃப்டில் ஒரு பழுதும் இல்லை. அடுத்த ஞாயிறும் வருவாராம். பழுதை அப்படியே வைத்திருக்கவா? சொல்லுங்கோ.