திரையில் எங்களுக்கு நடுவே ஒரு கோடு

போன வியாழக்கிழமை எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி மதிப்பீடு. நான் அங்கே வேதியியல் நடத்துபவள். மதிப்பீடு என்றாலே எனக்கு அலர்ஜி.

எத்தனை கட்டுரை வெளியானது, எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள்... இதெல்லாம் பழைய கதை. இப்போது யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்று படமே போடுகிறார்கள். ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு புள்ளி. சேர்ந்து எழுதியவர்களுக்கு நடுவே ஒரு கோடு. கட்டுரைகள் கூடக் கூட, கோடு தடிக்கும்.

சென்னையிலிருந்து வந்த நிபுணர் படத்தைத் திரையில் போட்டார். இருப்பதிலேயே தடித்த கோடு — எனக்கும் ஷாஹிதாவுக்கும் நடுவே!

நாற்காலியில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தேன்.

ஷாஹிதா என் துறைத் தோழி, கோட்டக்குப்பத்துக்காரி. பிரம்மதேசம் பக்கம் கிணறு கிணறாக அலைந்து, தண்ணீரில் உப்பு ஏறுவதைப் பற்றி இருவரும் சேர்ந்துதான் எழுதினோம். கடைசிக் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று சண்டை. முதல் பெயருக்குத்தானே பதவி உயர்வில் மார்க் அதிகம்? அவள் பெயர் முதலில் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. ஒரே ஸ்டாஃப் ரூமில், ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு...

"கூட்டு ஆராய்ச்சின்னா இப்படி இருக்கணும்! யாரு இவங்க? எழுந்திருங்க மேடம்," என்றார் நிபுணர்.

ஹாலின் இந்தக் கோடியில் நான் எழுந்தேன். அந்தக் கோடியில் அவள். எங்கள் கதை தெரிந்தவர்கள்தான் பலமாகக் கைதட்டினார்கள் — பாவிகள்!

"அடுத்த ஆராய்ச்சி?"

நான் வாயைத் திறக்குமுன் ஷாஹிதா சொன்னாள். "போய்க்கினு இருக்கு சார்."

என்ன போய்க்கொண்டிருக்கிறது?

மாலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. நான் ஏற வேண்டிய விழுப்புரம் பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டு அவளுக்காக நின்றேன். அவள் வந்ததும் நேராகக் கேட்டேன்.

"இன்னாடி போய்க்கினு இருக்கு?"

"நான்தான் போய்க்கினு இருக்கேன். லீவு நாள்ல, தனியா. இன்னொரு மேடம் எங்கன்னு கெணத்துக்காரங்க கேக்குறாங்க. இன்னா சொல்றது? பேஜாரா இருக்குடி."

ஏன் என் பெயரைப் பின்னால் போட்டாய் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். "ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றுதான் வந்தது.

"வெயில் ஏர்றதுக்குள்ள வா," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

போனேன். நாள் முழுக்கத் தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசினோம். பெயர் விஷயத்தில் இருவரும் மூச்சு விடவில்லை. தீர்ந்துவிட்டதா? எங்கே! கட்டுரை எழுத உட்காரும்போது மறுபடி வெடிக்கும். இப்போதே உள்ளுக்குள் பரபரக்கிறது.

இருக்கட்டும்... சண்டை போடுவதற்காவது பேசித்தானே ஆக வேண்டும்!