கதவுக்கு வெளியே கேப்டன்

அவளுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. யாருடைய வாயையோ அச்செடுத்த பிளாஸ்டர் கட்டி மேசைக்கு வரும். அதன்மேல் மெழுகில் பல் வரிசை வைத்து, உறுத்துகிற முனையை ராவிக் கொடுக்க வேண்டும். அச்சுதான் வரும், ஆள் வரமாட்டார். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிற அறையில் அவளுக்கு ஒரு கட்டில். அண்ணி கெட்டவள் இல்லை, வாய்தான் நீளம். “நாப்பது தாண்டியாச்சு, இல்லாத கப்பலுக்கு ரிப்பேர் பாத்துட்டு உக்காந்திருக்கா” என்பாள்.

கப்பல் என்றால் விண்கலம். பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு டி.வி. தொடர் அது. எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஒரு சின்னக் கூட்டத்தைத் தவிர. அவர்கள் போனில் குழு வைத்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மீதிக் கதையை எழுதி வந்தார்கள். ஒரே ஒரு சட்டம்: ஒருத்தர் பாத்திரத்தை இன்னொருத்தர் தொடக் கூடாது. அது தும்முவதாக இருந்தாலும் உரியவர்தான் எழுத வேண்டும். அவளுக்கு மெக்கானிக். தொடரில் அந்தப் பெண்ணுக்கு மொத்தம் ரெண்டே வசனம், அதில் ஒன்று ‘சரி’. அவள் கையில் அந்த மெக்கானிக் இல்லாமல் கப்பலே நகராது என்றாகிவிட்டது. குழுவில் அவளுக்கு ஸ்பேனர் என்றே பெயர்.

கேப்டனை எழுதியவர் ஒரு பஸ் டிரைவர். கேப்டன் என்றால் அவளுக்கு உயிர். டிரைவர் மேல் அப்படி ஒன்றும் இல்லை. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? ரசிகர் கூட்டத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். தொப்பையும் வழுக்கையுமாக ஒரு மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் எழுதிய கேப்டன் மெக்கானிக்கிடம், “நீ ஓடும்னு சொன்னா எஞ்சின் ஓடும். எனக்குத் தெரியும்” என்று சொன்ன அன்று, அவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நிஜத்தில் அப்படி ஒரு வார்த்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

பிறகு கேப்டன் கப்பலின் வெளிச்சுவரில் விரிசல் அடைக்கப் போனார். கதவு மூடிக்கொண்டது. ‘காற்று கொஞ்சம்தான் இருக்கு. பரவாயில்ல, ஏதாவது யோசிக்கறேன்’ என்று டிரைவர் டிப்போவிலிருந்து எழுதினார். அதோடு சரி. பக்கவாதம் வந்து அங்கேயே விழுந்துவிட்டார்.

குழு கொஞ்ச காலம் காத்திருந்தது. குழுவை நடத்திய மருந்துக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “எத்தனை நாள் இப்படியே தொங்க விடறது? கேப்டன் செத்துட்டார்னு கௌரவமா எழுதி முடிச்சிடலாம்” என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

“அவரோட பாத்திரம். அவரைக் கேக்காம கூடாது” என்றாள் இவள்.

“அவரால பேச முடியாதேம்மா.”

“நான் போய் கேக்கறேன்.”

டிரைவரின் மனைவி கதவைத் திறந்து, இவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதான் ஸ்பேனரா? அவரு போன்ல எல்லாத்தையும் படிச்சேன். உங்க மேல பயங்கர கோவத்துல இருந்தேன். நேர்ல பாத்ததும் போயிடுச்சு.”

இவள் அதையும் விழுங்கிக்கொண்டாள். முன்னறைக் கட்டிலில் அவர் ஒருபக்கமாகக் கிடந்தார்.

“சார், கேப்டன் உள்ள வந்துடட்டுமா?”

“வேணாம்.”

“அப்ப... செத்துடட்டுமா?”

“வேணாம்.”

“உங்களுக்குப் பதிலா நான் எழுதட்டுமா?”

“வேணாம்.”

மனைவி அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். “அந்த ஒரு வார்த்தைதாங்க மிஞ்சியிருக்கு. தண்ணி வேணுமான்னாலும் அதுதான். என்னைக் கூப்பிடறதும் அதேதான்.” துணியை மடித்துக்கொண்டே, “கேப்டன் கெடக்கட்டும். இவரு எப்படி இருக்காருன்னு கேக்க உங்க கூட்டத்துல ஒரு ஆள் வரலியே?” என்றாள்.

தானும் அதைக் கேட்க வரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது.

டிரைவர் வீட்டில் நடந்ததை மறைக்காமல் குழுவில் சொன்னாள். பொய் சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியும்? கேப்டனை அவள் தொடவில்லை. தனக்கு உரிமையுள்ளதை மட்டும் எழுதினாள்: மெக்கானிக் கவச உடையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள், கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்தாள், இனி உள்ளே வரமாட்டாள்.

“கதையைக் கெடுத்துட்டீங்க” என்று மருந்துக்கடைக்காரர் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். கையோடு, கேப்டன், மெக்கானிக் இரண்டு பேரையும் தானே சாகடித்தும் விட்டார். கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போனது. பேச்சுக்கென்று அவளுக்கு இருந்ததே அந்தக் கூட்டம்தான். அதிலிருந்து ஒருத்தரும் அவளைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்கவில்லை.

லேபுக்கு விடுமுறையான நாளில் டிரைவர் வீட்டுக்குப் போனாள். மனைவி வழிவிட்டாள்.

“எப்படி சார் இருக்கீங்க? கொஞ்ச நேரம் இங்க உக்காரட்டுமா?”

“வேணாம்” என்றார் அவர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.