அண்ணன் ஓட்டி வந்த லாரி

அந்த வருடம் எங்கள் தெருவில் துவைத்துப் போட்ட துணியெல்லாம் சிவப்பாகத்தான் காய்ந்தது...

லாரி லாரியாகச் செம்மண். டீ குடித்தால் பல்லில் நறநறவென்று மண். மரக்காணத்தில் பிறந்தவர்களுக்கு உப்புக் காற்று பழக்கம்தான். இந்தப் புழுதி புதுசு.

எங்கள் தெருவுக்கும் உப்பளத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்கும். அதை ஒரு கம்பெனி வாங்கி, வரிசை வரிசையாக வீடு கட்டப்போவதாக ஈசிஆரில் பேனர் வைத்தது. பேனரில் ஒரு குடும்பம் பால்கனியில் நின்று கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் அப்போதே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தேன். வீட்டில் அம்மா, நான், அண்ணன் சேகர். அண்ணன் டிரைவர். ரொம்ப நாளாக நிரந்தரமாக வேலை இல்லை. பள்ளத்துக்கு மண் அடிக்கிற லாரி கிடைத்த பிறகுதான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தோம்.

பள்ளத்தை மூடக் கூடாது என்று தெருக்காரர்கள் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் "பாக்கறோம்மா" என்றார்கள். லாரி மட்டும் நிற்கவில்லை. கடைசியில், ரோட்டில் நின்று மறிப்பது என்று முடிவானது.

முந்தின நாளே அண்ணனிடம் சொன்னேன்.

"தண்ணி வூட்டுக்குள்ள வந்துடும்ணா."

"வந்தா பாத்துக்கலாம். இப்பத்தான் ஒரு வேலை கெடச்சிருக்குது. என் பொழப்புல மண்ணப் போடாத சுமதி."

மண் அடிக்கிறவனே அப்படிச் சொன்னான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மறுநாள் காலை தெருவே ரோட்டில் நின்றது. கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. முதலில் வந்த லாரி அண்ணனுடையது...

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முன்னால் போய் நின்றேன்.

"ஓரமா போ பாப்பா" என்றான் ஜன்னல் வழியாக.

"போவ மாட்டேண்ணா."

பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. அண்ணன் ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் ரிவர்ஸ் எடுத்தான்.

அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் வெளியூர் டிரைவர்கள் வந்தார்கள். கூடவே போலீசும் வந்தது. பள்ளத்தை மூடிவிட்டார்கள். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அவள சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வான்.

அந்த ஐப்பசியில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அடுப்பு வரைக்கும். அண்ணனும் நானும் ஆளுக்கொரு குடத்தால் மொண்டு மொண்டு வாசலில் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் திரும்ப உள்ளேயே வந்தது.

"வுடு பாப்பா. எங்க போவும் அது?" என்றான்.

அத்தனை மாதம் கழித்து என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

இப்போது அங்கே காலனி வந்துவிட்டது. அந்தக் காலனிக்காரர்கள் நான் வேலை பார்க்கும் கடைக்குத்தான் மாத்திரை வாங்க வருகிறார்கள். நல்ல மனிதர்கள். "மழ பேஞ்சா எங்க ரோட்லயும் தண்ணி நிக்குதுங்க" என்கிறார்கள். மீதிச் சில்லறையைக் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் தெருவுக்கு அடுத்த பக்கத்துக் காலி இடத்துக்கும் பேனர் வைத்துவிட்டார்கள். கூட்டம் போடலாம் என்று தெருவில் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குக் கைக்குழந்தையோடு வந்து நின்றவளே, "எதுக்குக்கா... நின்னு இன்னா ஆச்சி?" என்றாள். அவளைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் அலுத்துத்தான் போயிருக்கிறது.

அண்ணன் இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். பேனரைப் பற்றி அவனிடம் நான் வாயே திறக்கவில்லை. நேற்று சாப்பிட்டுக்கொண்டே அவனாகக் கேட்டான்.

"எப்போ நிக்கப் போறே?"

"யாரும் வரலண்ணா."

கை கழுவ எழுந்தவன் சொன்னான்... "பசங்கள எறக்கி வுட்டுட்டு வர்றேன். அது வரைக்கும் தனியா நிக்காத."