உரலுக்குள் போன கை

இதை எழுத நான் யார் என்ற கூச்சத்தோடுதான் தொடங்குகிறேன். இலங்கையில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஜப்பானியரைப் பற்றியும் எனக்கு அதிகம் தெரியாது. கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு ஜப்பானிய அம்மா இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். படிக்கட்டில் சந்தித்தால் எங்களுக்குத் தெரிந்த ஜெர்மனில் சமையல் கதைப்போம். முன்பு நாங்கள் அரிசி மாவை உலக்கையால் இடித்தோம் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதனால்தானோ என்னவோ, புதுவருடத்துக்கு முன் அவர்கள் கூடி மோச்சி இடிக்கும் நாளுக்கு என்னையும் கணவரையும் அழைத்தார்.

அவித்த ஒட்டரிசியைப் பசையாகும்வரை இடித்து உருட்டினால் மோச்சி. அவர்கள் கூடிய முற்றத்தின் நடுவில் பெரிய மர உரல். ஒருவர் மரச்சுத்தியலைத் தலைக்கு மேல் ஓங்கி அடித்தார். அது மேலே எழும்பும்போது மேல்வீட்டு அம்மா நனைத்த வெறுங்கையை உரலுக்குள் விட்டு, ஆவி பறக்கும் மாவைப் புரட்டிவிட்டு எடுத்தார். அடி, கை. அடி, கை. சுற்றி நின்றவர்கள் ஒவ்வோர் அடிக்கும் "யொய்ஷோ!" என்று கத்தினார்கள்.

"உரலுக்குள்ள தலையை விட்டா உலக்கைக்குப் பயப்பிடக் கூடாதெண்டு சொல்லுவினம்," என்றார் கணவர். "இந்த மனுசி கையை எல்லோ விடுது!"

வந்தவர் எல்லோரும் சில அடியாவது அடிக்க வேண்டுமாம். அப்போதுதான் அது எல்லோருடைய மோச்சி. எங்கள் முறை வந்ததும் கணவர் என் முதுகில் தட்டினார்.

"உமக்குத்தானே அனுபவம். போம்."

"எனக்கு ஏலாதப்பா. அவவின்ர கை நசிஞ்சா?"

"எல்லாரும் பாக்கினம். போம் எண்டுறன்."

போனேன். முதல் இரண்டு அடி சரியாக விழுந்தது. ஆனால் ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி இடித்துப் பழகிய உடம்பு இது. மற்ற உலக்கை எழும்பினதும் என்னுடையது விழ வேண்டும், தாமதிக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில் மூன்றாவது அடியை முந்திவிட்டேன். அம்மாவின் கை இன்னும் உள்ளே இருந்தது. எப்படியோ சுத்தியலைத் திருப்பினேன். அது உரலின் விளிம்பில் மோதி ஒரு மரச்சிராய் தெறித்தது.

சுத்தியலைக் கீழே வைக்கப் போனேன்.

அம்மா மாவிலிருந்த சிராயை எடுத்து வீசினார். மறுபடி கையை நனைத்தார்.

"என் கையைப் பார்க்காதீர்கள்," என்றார். "அவர்கள் கத்துவதைக் கேளுங்கள். நீங்களும் கத்துங்கள்."

யாரும் கைகாட்டவில்லை, யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. நான் சுத்தியலைத் தூக்கும்போது முற்றம் முழுவதும் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், குழந்தையைத் தோளில் வைத்திருந்த தகப்பன், ஜெர்மன்காரப் பெண்கள், எல்லோரும் என் மெதுவான கைக்காகக் காத்திருந்தார்கள். "யொ...ய்ஷோ!" சத்தம் ஓய்ந்த பிறகு அம்மாவின் கை உள்ளே போனது. அடுத்த சத்தம் கிளம்புமுன் வெளியே வந்துவிட்டது. அதுவரை அதை உற்சாகத்துக்காகப் போடும் கூச்சல் என்றே நினைத்திருந்தேன். இத்தனை பேருடைய மூச்சை நம்பித்தான் அந்த மனுசி கையை விடுகிறார். கோயிலில்கூட வாய்க்குள்ளேயே தேவாரம் பாடுகிற நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

மாவு வழுவழுப்பாகத் திரண்டதும் நிறுத்தச் சொன்னார்கள். அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சூட்டில் சிவந்திருந்தது, ஒரு கீறலும் இல்லை.

"இந்தக் குரலை இவ்வளவு காலமும் எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீர்?" என்றார் கணவர். "இனி நான் சண்டைக்கு வரமாட்டன்."

கொடுத்த மோச்சியைச் சூட்டோடு சாப்பிட்டேன்.

மறுநாள் வலது தோளைத் தூக்க முடியவில்லை. வேலைக்கு வரமாட்டேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன்.