மாலை போட்ட டிரைவரோடு ஒயின் பார்க்கப் போனது

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வீட்டிலேயே ஒயின் போடுவோம். நானும் அக்காவும் சேர்ந்துதான். மாரண்டஹள்ளியில் இருவருக்கும் அடுத்தடுத்த தெரு. பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் ஜாடியில் போட்டுத் துணி கட்டி வைத்து, தினமும் திறந்து கிண்டுவோம். சில வருடங்களாக அது காடியாகிவிடுகிறது. சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேக்கைப் பாராட்டுவார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று, ஒயின் செய்கிறவர்களையே நேரில் கேட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டத்தோடு சேர்ந்த ஒயின் ஆலைகள் இருக்கின்றன. ராத்திரி ராத்திரியாகப் போனில் பார்த்து இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தேன். முதல் இடத்தில் பதினொரு மணிக்குத் தோட்டம் சுற்றிக்காட்டுவார்கள். பணம் கட்டிப் பதிவு செய்தேன். மத்தியானம் இரண்டாவது. கார் எங்களுடையதுதான். பெங்களூர் நெரிசலில் ஓட்ட எனக்குத் தைரியமில்லை. ருசி பார்த்துவிட்டு ஓட்டவும் கூடாது. அதனால் பாலக்கோட்டில் ஆக்டிங் டிரைவர் அனுப்புகிற ஏஜென்டிடம் சொல்லி வைத்தேன். எங்கே போகிறோம் என்பதையும் விளக்கமாகத்தான் சொன்னேன்.

அன்று காலை டிரைவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையச் சந்தனம்.

"சாமி சரணம். குளிச்சிக் கும்பிட்டு வரக் கொஞ்சம் நேரமாயிருச்சுங்கம்மா. கெளம்பலாங்களா?"

"எங்க போறோம்னு தெரியுமா?"

"திராட்சத் தோட்டம் பாக்கணும்னாரு."

"ஒயின் செய்யற எடங்க."

அவர் முகம் மாறியது. நான் ஏஜென்டைக் கூப்பிட்டேன். "முகூர்த்த நாளுங்க மேடம்," என்றார் அவர். "இருந்த டிரைவருங்கல்லாம் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. அவரை விட்டா ஆளு இல்லீங்க."

டிரைவரே முடிவு சொன்னார். "நான் கேட்டுக்கு வெளியவே நின்னுக்கறங்கம்மா. பாட்டில் மட்டும் வண்டில ஏத்த வேணாம். சாயந்தரம் பஜனைக்கு வந்து சேந்துட்டாப் போதுங்க."

அக்கா ஓசூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். யாரையும் சங்கடப்படுத்தப் பிடிக்காது. "குடிக்காத டிரைவரா அமைஞ்சாரே, ஏறு," என்றாள்.

ராயக்கோட்டை தாண்டுவதற்குள் அக்கா பசிக்கிறது என்று டப்பாவைத் திறந்தாள். கோழி வறுவல் வாசனை வந்ததும் டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்க்காமலே, "தப்பா நெனைக்காதீங்கம்மா, விரதம்," என்றார். என் சொந்தக் காரிலிருந்து இறங்கி, லாரிப் புழுதியில் நின்று நாங்கள் சாப்பிட்டோம். ஓசூரில் அவர் ஒரு கோயிலைப் பார்த்து நிறுத்தினார். அதன் பிறகு பெங்களூர் நெரிசல். முதல் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

"உங்க டூர் முடிஞ்சிருச்சு மேம். அடுத்தது மூணரைக்கு," என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். கட்டிய பணம் திரும்பி வராது என்றும் சொன்னாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கொடிகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மூணரை வரை காத்திருந்தால் பஜனை போய்விடும். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. "விடுடி, இன்னொன்னு இருக்குதில்ல," என்றாள் அக்கா. நான் வாரக்கணக்கில் போட்ட திட்டம், அவளுக்கு இவ்வளவு லேசாகப் போய்விட்டது.

இரண்டாவது இடம் சின்னது. தோட்டம் வேறெங்கோ இருந்தது. இங்கே ஆலை மட்டும்தான். ஒரு நடுத்தர வயதுப் பெண் எங்களுக்கு இரண்டு வகை ஒயினை ருசி பார்க்கக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் வராது; அக்காவின் கன்னடம் கைகொடுத்தது. எங்கள் ஜாடியின் கதையைக் கேட்டதும் அவர் சிரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

"அம்மா, இப்பக் கெளம்பினாத்தான் நேரத்துக்குப் போவ முடியுங்க."

நான் கேட்டுக்கு வெளியே போனேன். இன்னும் அரை மணி நேரம் வேண்டும் என்றேன். அவர் கத்தவில்லை. சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்க இருந்து மெதுவா வாங்கம்மா. நான் பஸ்ஸப் புடிச்சுப் போயிக்கறேன்."

"ஒயின் குடிச்சிட்டு நான் எப்படிங்க ஓட்டறது?"

"அதத்தாம்மா நானும் சொல்றேன், இப்பவே கெளம்பிரலாம்னு."

அன்றைக்கு முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் அங்கேயே கொட்டினேன். ஏஜென்டைத் திட்டினேன், முகூர்த்தத்தைத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில் அக்கா தானாகவே வெளியே வந்து காரில் ஏறிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் நான் யாரோடும் பேசவில்லை. ஓசூருக்கு முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து சாலை அடைத்துக் கிடந்தது. நின்ற இடத்திலேயே இருட்டிவிட்டது. பஜனை ஆரம்பித்திருக்கும் நேரத்தில் அவர் காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் கைகளை வைத்து முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர்மேலும் கோபப்பட முடியாமல் போனதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். "ஜாடிய இனிமே தெனமும் தொறந்து கிண்டாத. மொத வாரம் மட்டும் போதுமாம். அப்பறம் வடிகட்டி, பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்தி மூடிரணும். காத்து படறதுனாலதான் காடியாவுதாம்."

"யாரு சொன்னா?"

"அந்தம்மாதான். நீ வெளிய சண்ட போட்டுட்டு இருந்தீல்ல, அப்ப."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ எங்க பேசின?"

போனைத் துண்டித்துவிட்டேன். அப்புறம் போய், இந்தத் தடவைக்கு ஏற்கெனவே போட்டு வைத்திருந்த ஜாடியை வடிகட்டி, பாட்டில்களில் கழுத்து வரை ஊற்றி மூடினேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒயின் நன்றாக வந்தது. இரண்டாவது டம்ளர் கேட்டவர்கள்கூட உண்டு. "எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டவர்களிடமெல்லாம் அக்கா அந்தப் பயணத்தை விஸ்தாரமாகச் சொல்லிச் சிரித்தாள். நான் சமையலறைக்குள் போய் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு கொடியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் வந்தவளுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.