வேலியோரத்துத் தண்ணீர்த் தொட்டி

பாரிசவாதம் வந்தபின் இரத்தினவேலிடம் மிஞ்சியது ஆமென்று பொருள்படும் ஒரேயொரு சொல்தான்: "ஓம்." பசிக்கிறதா என்றாலும் ஓம். வேண்டாம் என்பதற்கும் ஓம். வட நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் பகிடி சொன்ன மனிதர், பிறகு ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். 2005 கோடையில், வலப்பக்கம் அசையாமல், அந்நகரின் ஹொல்ம்லியா பகுதியில் உள்ள வீட்டின் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே சின்னத் தோட்டம். மழை விட்டதும் கற்களின் பள்ளத்தில் தேங்கும் நீரில் குருவிகள் சிறகடித்துக் குளிக்கும். அப்போது மட்டும் அவருடைய அரைமுகம் சிரிக்கும். அதைக் கண்ட மனைவி உதயகுமாரி, பூச்செடிகள் விற்கும் கடைக்குப் போனாள்.

அவளுக்குப் பிடித்தது நீல நிறத்தில் பளபளத்த ஆழமான தொட்டி. கடைக்காரி அதைத் தடுத்தாள். குருவிக்கு வழுக்கும், ஆழமும் கூடாது என்று சொரசொரப்பான கல் தொட்டி ஒன்றைக் காட்டினாள். செடி அடர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே, பூனை பதுங்கும் என்றும் சொல்லி அனுப்பினாள்.

புல்வெளியின் நடுவில்தான் முதலில் வைத்தார்கள்.

"இஞ்சாருங்கோ, தெரியுதோ?"

"ஓம்." முகம் இருண்டிருந்தது. உதயகுமாரி அவருடைய நாற்காலியில் இருந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மேல்மாடத்தைத் தாங்கிய தூண் தொட்டியை மறைத்தது. அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது.

வேலிச்செடியோரம் நகர்த்தினாள். மகள் ராகவி மறித்தாள்.

"உந்த ஹெக் செடிக்குப் பக்கத்திலை வேண்டாமெண்டு கடையிலை சொன்னவையெல்லோ, அம்மா?"

"குருவிக்காகவே வாங்கினனான்? கொப்பாவுக்குத்தானே."

அங்கே வைத்ததும் இரத்தினவேலின் கண்கள் விரிந்தன. அதன்பிறகு வேறு இடம் தேடவில்லை.

ஆவணியில் ஒருநாள் உதயகுமாரி சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவருடைய குரல் உரத்து வந்தது.

"ஓம்! ஓம்! ஓம்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஓம், ஓம், பாருங்கோ. வடிவாப் பாருங்கோ," என்றாள் அடுப்படியில் நின்றபடி.

அதற்குப் பிறகுதான் விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப் போனாள். நாற்காலி சரிந்து கிடந்தது. அவர் வலக்கால் மடங்கியபடி தரையில் கிடந்தார். எழும்பப் பார்த்திருக்கிறார். வெளியே வேலிச்செடியோரமாக, வாயில் ஒரு கறுப்புக் குருவியோடு சாம்பல் பூனை அவசரமில்லாமல் நடந்து போனது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை சரியாக நடந்தது. ஆனால் படுக்கையில் கிடந்து நெஞ்சில் சளி கட்டியது. இலையுதிர் காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்த சனமெல்லாம் போனபின், ராகவி தோட்டத்தில் தொட்டியருகே நின்று கேட்டாள்.

"உதைத் தூக்கி எறிவமோ, அம்மா?"

உதயகுமாரி தொட்டியின் விளிம்பில் கிடந்த இலைகளைத் தட்டிவிட்டாள். "அவர் என்னைத்தான் கூப்பிட்டவர். நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும், அம்மா?"

"முப்பது வருசம் அவரோடை இருந்தனான். எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

ராகவி குனிந்து தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகத் தொட்டியைத் தூக்கிப் புல்வெளியின் நடுவில் வைத்தார்கள். குளிரில் தண்ணீர் உறைந்தால் கல் வெடிக்கும் என்று உதயகுமாரி அதை வெளியே கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தாள்.

வசந்தம் வந்தும் அவள் அதை நிமிர்த்தவில்லை. ஜூனில் ஒரு பகல் ராகவி வந்து நிமிர்த்தி, தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பினாள். உதயகுமாரி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள்.